ஹிஸ்டமினால் இறங்கும் இரத்த அழுத்தம்: மருந்து எந்த இடத்தில் குறுக்கிடுகிறது என்று கண்டறியும் முறை

மருந்தியல் செய்முறைத் தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. இரத்த அழுத்த வரைபடம் ஒன்றை மாணவர் கையில் கொடுப்பார்கள். அதில் முதலில், ஒவ்வாமையின்போது உடலில் வெளியாகும் பொருளான ஹிஸ்டமின் செலுத்தியதும் கோடு சரிந்து, சிறிது நேரத்தில் பழைய மட்டத்துக்கு மீண்டிருக்கும். அடுத்து, பெயர் குறிப்பிடாத ஒரு மருந்து கொடுக்கப்பட்டிருக்கும். அதன்பின் அதே அளவு ஹிஸ்டமினை மறுபடி செலுத்தும்போது சரிவு வெகுவாகக் குறைந்திருக்கும். மாணவர்களில் பெரும்பாலோர் "ஹிஸ்டமின் எதிர்ப்பி" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அந்த விடை பல நேரங்களில் சரியாகவே அமைந்துவிடும். ஆனால் ஹிஸ்டமின் செல்லில் வந்து பற்றும் ஏற்பியை அடைத்தாலும், இரத்தக் குழாயை எதிர்த்திசையில் சுருக்கினாலும், குழாய்ச் சுவரின் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியை நிறுத்தினாலும் அந்தக் கோடு மாறத்தான் செய்யும். நோயாளியின் படுக்கையருகே நிற்கும்போது இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு உயிரைக் காக்கும் வேறுபாடாகிவிடுகிறது. ஆகவே, மருந்து எந்த இடத்தில் நின்று குறுக்கிடுகிறது என்பதை வரைபடத்திலிருந்தே படித்தெடுக்கும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

இன்று நம் கல்லூரிகளில் இதற்காக நாயை மயக்கி அறுப்பதில்லை. புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் போன்ற கணினி நிரல்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. இது நல்ல மாற்றம் என்றே கருதுகிறேன். ஆயினும் புகைபடிந்த உருளைத் தாளில் எழுதுகோல் நடுங்கி இறங்குவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத் தானாக வந்த பொறுமை, பொத்தானை அழுத்திப் படிப்பவர்களுக்கு வருவதில்லை. திரையில் ஓடும் கோட்டையும் அதே பொறுமையோடு படிக்க வேண்டும்.

சரிவுக்குள் இருக்கும் இரண்டு சரிவுகள்

ஹிஸ்டமினின் அழுத்தச் சரிவை ஒற்றை நிகழ்வாகப் பார்க்கும் வரை எந்த மருந்தின் விளைவும் தெளிவாக விளங்காது. ஹென்றி டேலும் லெய்ட்லாவும் 1910இல் ஹிஸ்டமினின் உடலியல் விளைவுகளை விரிவாக விவரித்தார்கள். டேனியல் போவே 1937இல் ஹிஸ்டமினை எதிர்க்கும் முதல் சேர்மத்தைக் கண்டார்; 1940களில் மெப்பிரமின் வந்தது. மெப்பிரமின் சிறு அளவு ஹிஸ்டமினின் சரிவை ஏறத்தாழ முழுமையாக அழித்தது. ஆனால் பெரிய அளவு ஹிஸ்டமின் கொடுத்தால், எவ்வளவு மெப்பிரமின் சேர்த்தாலும் சரிவின் ஒரு பகுதி பிடிவாதமாக எஞ்சி நின்றது. இரைப்பையின் அமிலச் சுரப்பும் அதற்கு அடங்கவில்லை. இந்த எஞ்சிய பகுதிதான் 1972இல் ஜேம்ஸ் பிளாக்கையும் அவருடைய குழுவினரையும் எச்2 ஏற்பிக்கு அழைத்துச் சென்றது. மெப்பிரமினோடு அவர்களுடைய புதிய சேர்மமான பியூரிமமைடும் சேர்ந்த பிறகுதான் அந்தச் சரிவு முழுவதும் அடங்கியது.

இதன் உட்பொருள் இதுதான். எச்1 ஏற்பி இரத்தக் குழாயின் உட்படலச் செல்களில் இருக்கிறது. ஹிஸ்டமின் மிகக் குறைந்த செறிவிலேயே அதைத் தூண்டிவிடும். அப்போது செல்லுக்குள் கால்சியம் உயர்ந்து, நைட்ரிக் ஆக்சைடு உருவாகி, அது பக்கத்துத் தசைக்குக் கசிந்து குழாயை விரிக்கிறது. எனவே எச்1 வழி வரும் சரிவு சட்டென்று தொடங்கிச் சீக்கிரம் மறையும். எச்2 ஏற்பியோ குழாய்த் தசையிலேயே இருந்து, சுழல் ஏ.எம்.பி. என்னும் மூலக்கூறின் வழியே வேலை செய்கிறது. அதைத் தூண்டக் கூடுதல் ஹிஸ்டமின் தேவை. அந்தச் சரிவு மெதுவாகத் தொடங்கி நீண்டு நிற்கும். வரைபடத்தில் முதலில் வரும் செங்குத்தான பள்ளத்தை எச்1 என்றும், மேலே ஏற மறுத்து இழுபடும் வாலை எச்2 என்றும் மனத்தில் குறித்துக்கொண்டால், பின்னால் வரும் ஒவ்வொரு மருந்தையும் அந்த இரண்டோடு பொருத்திப் பார்க்கலாம்.

இவ்விளக்கம் நாய், பூனை, மனிதர் ஆகியோருக்குப் பொருந்தும். முயலில் ஹிஸ்டமின் பெரிய குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது. ஆகையால் வரைபடம் எந்த விலங்கினுடையது என்பதை முதலில் பாருங்கள்.

அளக்கும் முறை

ஒப்பிடுவதற்கு முன் அளவை ஒழுங்காக எடுக்க வேண்டும். சராசரி அழுத்தம் என்பது கீழ் அழுத்தத்தோடு நாடி அழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் கிடைப்பது. மேல் அழுத்தம் 126, கீழ் அழுத்தம் 84 மி.மீ. பாதரசம் என்றால், வித்தியாசமான 42இல் மூன்றில் ஒரு பங்கு 14, சராசரி 98. ஹிஸ்டமினுக்குப் பின் அது 70/40 ஆக இறங்கினால் சராசரி 50, சரிவு 48. இந்த ஒற்றை எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். தொடக்க மட்டம், பள்ளத்தின் அடிமட்டம், அடிமட்டத்தை அடைய ஆன நேரம், பாதி தூரம் மீள ஆன நேரம், இதயத் துடிப்பு ஆகிய ஐந்தையும் குறித்து வையுங்கள். ஆழத்தை மட்டும் அளந்தவருக்கு எச்2 கண்ணில் படாது, ஏனென்றால் எச்2இன் அடையாளம் ஆழத்தைவிட நேரத்தில்தான் தெளிவாக இருக்கிறது.

கரைசலின் அளவிலும் ஒரு கண் வேண்டும். ஆய்வகத்துக்கு ஹிஸ்டமின் பெரும்பாலும் பாஸ்பேட் உப்பாகவே வருகிறது. ஹிஸ்டமின் மூலத்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 111. டைபாஸ்பேட் உப்பினுடையது ஏறத்தாழ 307. எனவே 1 மில்லிகிராம் ஹிஸ்டமின் மூலம் வேண்டுமானால் 2.76 மில்லிகிராம் உப்பை நிறுக்க வேண்டும். நான் பயின்ற ஆய்வகத்தில் ஒருமுறை இந்தக் கணக்கு கவனிக்கப்படாமல், மூலமாகக் கணக்கிட்ட எடைக்கு உப்பை நிறுத்துவிட்டார்கள். எல்லா விளைவுகளும் மூன்றில் ஒரு பங்கு வலுவில் வந்தன. முந்தைய நாள் கொடுத்த மருந்தே இன்னும் வேலை செய்கிறது என்று வகுப்பு முழுவதும் காரணம் தேடிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து புட்டியின் மேல் உப்பா, மூலமா என்று எழுதாமல் நான் ஒரு கரைசலையும் தொட்டதில்லை.

நாய்க்கு வழக்கமாகக் கிலோவுக்கு 1 அல்லது 2 மைக்ரோகிராம் ஹிஸ்டமின் சிரை வழியாகச் செலுத்தப்படும். ஒவ்வொரு முறையும் அதே வேகத்தில் செலுத்தி, குழாயில் தங்கியதை உப்புநீரால் தள்ளிவிட்டு, அழுத்தம் தொடக்க மட்டத்துக்கு வந்து நிலைத்த பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும். ஒரே அளவை இருமுறை கொடுத்து இரண்டு சரிவுகளும் ஒத்திருந்தால்தான் சோதனை மருந்தை எடுக்கலாம். கணினி நிரலில் பயில்பவரும் இந்த இரட்டைப் பதிவை விட்டுவிடக் கூடாது.

எச்1 தடுப்பியை அடையாளம் காணுதல்

ஒரே ஓர் அளவு ஹிஸ்டமினைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. சிறிய அளவு ஒன்றும் பெரிய அளவு ஒன்றும் தேவை. எடுத்துக்காட்டாக, சிறிய அளவுக்கு 30, பெரிய அளவுக்கு 55 மி.மீ. என்று சரிவு இருந்தது என வைத்துக்கொள்வோம். மெப்பிரமின் கொடுத்த பின் சிறிய அளவின் சரிவு 4 ஆகச் சுருங்கி, பெரிய அளவின் சரிவு 35 ஆக மட்டுமே குறைந்து, அதுவும் செங்குத்தான தொடக்கத்தை இழந்து மெல்லச் சரிந்து நீண்டிருந்தால், எஞ்சியிருப்பது எச்2இன் வால். இப்போது எச்2 தடுப்பியான சிமெடிடினைச் சேர்த்து, அழுத்தம் நிலைத்தபின் பெரிய அளவை மீண்டும் கொடுத்தால் சரிவு கிட்டத்தட்ட மறைய வேண்டும். வரிசையை மாற்றிச் சிமெடிடினை மட்டும் முதலில் கொடுத்தால், முதல் பள்ளம் அப்படியே இருக்கும், மீட்சி மட்டும் விரைவாகும். எச்2 தடுப்பி தனித்து நின்றால் ஒன்றும் செய்யவில்லை என்று பலர் எழுதுவது, பாதி மீளும் நேரத்தை அளக்காததனால்தான்.

சரிவு குறைந்தது என்பது மட்டும் ஏற்பியை அடைத்ததற்குச் சான்றாகாது. அதற்குக் கட்டுப்பாட்டு மருந்துகள் வேண்டும். அவற்றில் முதன்மையானது அசிட்டைல்கோலின். அதுவும் உட்படலச் செல்லின் நைட்ரிக் ஆக்சைடு வழியாகவே குழாயை விரிக்கிறது, ஆனால் வேறொரு ஏற்பியில். மெப்பிரமினுக்குப் பின் ஹிஸ்டமினின் சரிவு போய், அசிட்டைல்கோலினின் சரிவு குறையாமல் இருந்தால், அடைபட்டது ஹிஸ்டமின் ஏற்பி என்று நம்பிச் சொல்லலாம். அசிட்டைல்கோலினின் மஸ்கரினிக் ஏற்பியை அடைக்கும் அட்ரோப்பினைக் கொடுத்தால் இதற்கு நேர்மாறாக அசிட்டைல்கோலினின் சரிவு போகும், ஹிஸ்டமினுடையது நிற்கும். இரண்டும் சேர்ந்து சுருங்கினால் இரு வாய்ப்புகள் உண்டு. டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் போன்ற பழைய எச்1 தடுப்பிகள் மஸ்கரினிக் ஏற்பியையும் அடைப்பவை. அல்லது எல்-நேம் போன்ற ஒரு மருந்து நைட்ரிக் ஆக்சைடு உருவாவதையே நிறுத்தியிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஹிஸ்டமினைத் தேட வேண்டியதில்லை, சோதனை மருந்தைக் கொடுத்த கணத்திலிருந்து தொடக்க மட்டம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். நைட்ரிக் ஆக்சைடு நின்றால் அழுத்தம் தானாகவே உயரும். புரோமெத்தசின், அட்ரினலின் குழாயைச் சுருக்கப் பயன்படுத்தும் ஆல்ஃபா ஏற்பியையும் ஓரளவு அடைப்பதால், சிரை வழியாகச் செலுத்தினால் அழுத்தம் இறங்கவே செய்யும். அதன்பின் அட்ரினலினின் ஏற்றமும் மங்கியிருக்கும்.

ஹிஸ்டமினோடு அதே ஏற்பிக்காகப் போட்டியிடும் போட்டித் தடுப்பா என்று பார்க்க, ஹிஸ்டமினின் அளவைப் பத்து மடங்காக்கிச் சரிவு திரும்புகிறதா என்று கேட்பது பாடநூல் வழக்கம். தனித்தெடுத்த குடல் துண்டில் அது சரியான சோதனை. முழு உடலில் அளவை உயர்த்தும்போதே எச்2 விழித்துக்கொள்கிறது; திரும்பி வந்த சரிவு எச்1இனுடையதா, எச்2இனுடையதா என்று தெரியாமல் போகிறது. எனவே எச்2 தடுப்பியைப் பின்னணியில் வைத்துக்கொண்டுதான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். இது தேர்வில் அரிதாகவே கேட்கப்படுகிறது. கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அட்ரினலின் ஏன் தடுப்பி ஆகாது

இங்கேதான் அதிகமானோர் தடுமாறுகிறார்கள். அட்ரினலின் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது தொடக்க மட்டம் 98இலிருந்து 140க்கு உயர்ந்திருக்கிறது என்று கொள்வோம். ஹிஸ்டமின் கொடுத்தால் அது 92க்கு இறங்குகிறது. அடிமட்டத்தை மட்டும் பார்ப்பவர், முன்பு 50க்கு விழுந்தது இப்போது 92இல் நின்றுவிட்டது, ஆகவே ஹிஸ்டமின் தடுக்கப்பட்டது என்பார். சரிவை அளந்தவரோ 140இலிருந்து 92 வரை 48 மி.மீ., முன்பு இருந்த அதே 48 என்று கண்டுகொள்வார். ஏற்பிகளில் ஹிஸ்டமின் தன் வேலையை முழுமையாகச் செய்திருக்கிறது. அட்ரினலின் வேறு ஏற்பிகள் வழியாகக் குழாயைச் சுருக்கி, இதயத்தை வலுவாக இயக்கி, விழுந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. இதற்கு உடலியல் எதிர்ப்பு என்று பெயர்.

ஒவ்வாமை அதிர்ச்சியில் ஏன் அட்ரினலினுக்கு முதலிடம் தரப்படுகிறது என்பதற்கும் விடை இந்த வரைபடத்திலேயே இருக்கிறது. அந்த வேளையில் ஹிஸ்டமின் ஏற்கனவே ஏற்பிகளைத் தூண்டிவிட்டது. லூக்கோட்ரையீன் முதலிய வேறு பொருள்களும், ஹிஸ்டமினைச் சேமித்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்களிலிருந்து வெளியேறிவிட்டன. இப்போது எச்1 தடுப்பி அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், ஆனால் வீழ்ந்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது. அட்ரினலின் ஆல்ஃபா1 வழியாகக் குழாயைச் சுருக்கி, பீட்டா2 வழியாக மூச்சுக்குழலை விரித்து, மாஸ்ட் செல்லிலிருந்து மேலும் வெளியேறுவதையும் அடக்குகிறது. பெரியவர்களுக்கு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள கரைசலில் 0.5 மில்லிலிட்டர், தொடையின் முன்வெளிப்புறத் தசையில், தாமதமின்றிப் போடப்படுகிறது. தேவையானால் 5 நிமிடங்களில் மீண்டும். எச்1 தடுப்பியான அவில் ஊசியை முதலில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் வழக்கத்தைப் பயிற்சி மருத்துவர்களிடம் காணும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

நோயாளி ஏற்கனவே புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பி உட்கொள்பவராக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். புரோப்ரனலால் ஹிஸ்டமின் ஏற்பியைத் தொடுவதே இல்லை. ஆயினும் அழுத்தம் விழும்போது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முதல் வழியான இதய வேகத்தை அது முடக்கிவிடுகிறது; வெளியிலிருந்து கொடுக்கும் அட்ரினலினின் பயனையும் குறைக்கிறது. அப்போது குளுக்ககான் 1 முதல் 5 மில்லிகிராம் வரை மெதுவாகச் சிரை வழியாகக் கொடுக்கப்படுகிறது, ஏனென்றால் அது பீட்டா ஏற்பியை நாடாமலே இதயத்தில் சுழல் ஏ.எம்.பி.யை உயர்த்துகிறது. வரைபடத்தில் பீட்டா தடுப்பியின் அடையாளம் ஆழம் அன்று. சரிவின்போது வழக்கமாக எகிறும் துடிப்பு எகிறாமல் இருப்பதும் மீட்சி தாமதமாவதும்தான். துடிப்பையும் குறித்து வையுங்கள் என்று முன்பு சொன்னது இதற்காகவே.

சரிவுக்குப் பின் கோடு தொடக்க மட்டத்தைத் தாண்டிச் சற்று மேலே ஏறினால் அதையும் பிழை என்று தள்ளிவிட வேண்டாம். ஹிஸ்டமின் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியான அகணியிலிருந்து அட்ரினலினை வெளியேற்றும். ஆல்ஃபா தடுப்பி கொடுத்தால் இந்தப் பின்னேற்றம் மறையும். பியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டி உள்ளவர்களில் இவ்வேற்றம் மிகப் பெரிதாவதை வைத்து, 1945இல் ராத், குவாலே இருவரும் ஹிஸ்டமினையே ஒரு நோயறி சோதனையாக முன்வைத்தனர். ஆபத்து மிகுதி என்பதால் அது பின்னர் கைவிடப்பட்டது.

ஹிஸ்டமினை வெளியேற்றும் மருந்துகள்

சோதனை மருந்தே தனியாக ஹிஸ்டமின் போன்ற சரிவைத் தரும் நேரங்களும் உண்டு. மார்ஃபின், டியூபோகுராரின், அட்ராகூரியம், வேன்கோமைசின் ஆகியவை மாஸ்ட் செல்லிலிருந்து ஹிஸ்டமினை நேரடியாக வெளியேற்றுகின்றன. இதற்கு முன்கூட்டிய ஒவ்வாமை தேவையில்லை. இதை உறுதிசெய்ய அதே மருந்தைச் சிறு இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுங்கள். மாஸ்ட் செல்களின் இருப்பு கரையக் கரையச் சரிவு ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே போகும். அந்த நிலையிலும் நேரடியாகச் செலுத்திய ஹிஸ்டமின் முழுச் சரிவைத் தரும். இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால், அந்த மருந்து ஹிஸ்டமினை வெளியேற்றுகிறது என்று எழுதலாம்.

மனிதர்களிலும் இது அப்படியே நிகழ்கிறது. இதய அறுவைக்கு மிகுந்த அளவில் மார்ஃபின் பெற்ற நோயாளிகளில், எச்1 தடுப்பியை மட்டும் அல்லது எச்2 தடுப்பியை மட்டும் முன்கூட்டிக் கொடுத்தபோது அழுத்த வீழ்ச்சி அதிகம் குறையவில்லை, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது நன்றாகக் குறைந்தது என்று 1981இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாயின் வரைபடத்தில் நாம் பிரித்துக் கண்ட இரண்டு சரிவுகளும் அறுவை மேசையில் அவ்வாறே வெளிப்பட்டிருக்கின்றன. ஃபென்டனில் ஹிஸ்டமினை வெளியேற்றாததால் இந்தச் சிக்கல் அதில் இல்லை. வேன்கோமைசினில் வேகம்தான் முக்கியம். 1 கிராமைக் குறைந்தது 60 நிமிடங்களுக்குப் பரப்பி ஏற்ற வேண்டும் என்ற விதி, கழுத்தும் முகமும் சிவந்து அழுத்தம் விழுவதைத் தவிர்ப்பதற்காக ஏற்பட்டது.

ஹிஸ்டமினைச் சிதைய விடாத மருந்து

இறுதியாக, ஏற்பியையும் குழாயையும் மாஸ்ட் செல்லையும் தொடாமல் ஹிஸ்டமினின் விளைவைப் பெருக்கும் வழி ஒன்று இருக்கிறது. உணவோடு வரும் ஹிஸ்டமினைக் குடல் சுவரில் உள்ள டயமின் ஆக்சிடேஸ் என்னும் நொதி பெரும்பாலும் அழித்துவிடுகிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநயசிட் இந்நொதியைத் தடுக்கக்கூடியது. கொழும்பில் உரகொடவும் கொட்டேகொடவும் 1977இல் இதை எழுதினார்கள்: ஐசோநயசிட் உட்கொண்டுவந்த நோயாளிகள் ஹிஸ்டமின் மிகுந்த மீனை உண்ட பிறகு தலைவலி, முகச் சிவப்பு, படபடப்பு ஆகியவற்றுக்கு உள்ளாகியிருந்தனர். இத்தகைய நோயாளிகளில் இரத்த அழுத்தம் இறங்குவதும் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற சிவந்த தசையுள்ள மீன்களில் ஹிஸ்டிடின் அதிகம். பிடித்ததும் பனிக்கட்டியில் வைக்காவிட்டால் பாக்டீரியங்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும், அப்படி உருவானது சமைத்தாலும் அழிவதில்லை.

இவ்வகை மருந்தை வரைபடத்தில் கண்டறிய ஹிஸ்டமினைச் சிரையில் மட்டும் செலுத்திப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனென்றால் அங்கே வேறொரு நொதியும் அதைச் சிதைத்துக்கொண்டிருக்கிறது. உணவுப்பாதை வழியாகக் கொடுத்த ஹிஸ்டமின், மருந்துக்கு முன் அழுத்தத்தை அசைக்காமலும் மருந்துக்குப் பின் சரித்தும் காட்டினால், தடைபட்டிருப்பது நொதி. ஐசோநயசிட் வாங்கும் நோயாளி சூரைக் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து தலைசுற்றி வந்தால், மீன் ஒவ்வாமை என்று அட்டையில் எழுதுவதற்கு முன், இதே மீனை மாத்திரை தொடங்குவதற்கு முன் உண்டபோது ஏதாவது ஆனதா, அன்று அதே மீனை உண்ட வீட்டார் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு அழுத்தத்தை எடுங்கள்.